தீவு நகரில் வாடகை வீடு: கடலைப் பார்ப்பதற்கு முன் குழாயைத் திறந்து பாருங்கள்

தீவு நகரம் ஒன்றுக்குக் குடிபோகிறவர்கள் பெரும்பாலும் வாடகையையும் பால்கனியிலிருந்து தெரியும் கடலையும் வைத்தே வீட்டை முடிவு செய்துவிடுகிறார்கள். குழாயில் கரிக்கும் தண்ணீர், அலமாரிக்குள் பூஞ்சை, திறந்தால் மூட முடியாத ஜன்னல் எல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகு, பருவம் மாறும்போதுதான் தெரியவருகின்றன. வீடு பார்க்கப் போகும் அந்த அரை மணி நேரத்திலேயே இவற்றுக்கான அடையாளங்கள் அங்கே இருக்கும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். இந்தப் பதிவு அதற்காகத்தான். எந்தத் தீவாக இருந்தாலும் உப்பும் ஈரமும் படகும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

முதலில் தற்காலிக இடம்

வெளியூரில் இருந்தபடியே ஓராண்டு ஒப்பந்தம் போடாதீர்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் தங்க ஒரு சின்ன அறையோ விருந்தினர் விடுதியோ எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தேடுங்கள். அதற்குக் கொடுக்கும் அதிகப்படி வாடகை வீண் செலவாகத் தோன்றலாம். ஆனால் அந்த நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் ஓர் அமாவாசையும் ஒரு பவுர்ணமியும் வந்துவிடும். கடல் ஏற்றத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, சரக்குக் கப்பல் எந்தக் கிழமை வருகிறது, எந்தப் பகுதிக்குத் தண்ணீர் முறைவைத்து விடுகிறார்கள், கரண்ட் எப்போது போகிறது என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். தற்காலிக இடத்தைப் படகுத்துறைக்கோ கடைத்தெருவுக்கோ நடந்து போகும் தூரத்தில் பிடியுங்கள். வண்டி இல்லாமல் ஊரைச் சுற்ற முடியும், ஊரும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பழகும்.

சுற்றுலாப் பயணிகள் வரும் தீவு என்றால் பருவக் கணக்கு தனி. சீசனில் நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் விடுவதில்தான் உரிமையாளருக்கு வருமானம் அதிகம். ஆள் வராத மாதங்களில் வீடு சும்மா கிடப்பதற்குப் பதில் மாத வாடகைக்கு விடுவார், சீசன் தொடங்கியதும் காலி செய்யச் சொல்வார். ஆகவே எந்த வீட்டைப் பார்த்தாலும் முதல் கேள்வி "பன்னிரண்டு மாதமும் இதே வாடகைதானா, நடுவில் காலி செய்ய வேண்டி வருமா?" என்பதாக இருக்கட்டும். வாய்ப்பேச்சில் ஆமாம் என்பார்கள். ஒப்பந்தத்தில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, மாத வாடகை மூன்றும் எழுத்தில் இருந்தால்தான் அது ஆமாம். தேடத் தோதான காலம் சீசன் முடிந்த உடனே வரும் வாரங்கள். அப்போது வீடுகள் காலியாகின்றன, பேரம் பேசவும் இடம் இருக்கும். சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது தேடினால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

சின்னத் தீவில் நல்ல வீடுகள் விளம்பரத்துக்கே வராது. இணையத்தில் தெரிவதில் பாதி விடுமுறை வீடுகள், மீதி யாரும் எடுக்காதவை. தரகரிடம் சொல்லி வையுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். தண்ணீர் லாரி ஓட்டுபவர், கேஸ் சிலிண்டர் போடுபவர், ஏ.சி. மெக்கானிக், மருந்துக் கடைக்காரர் இவர்களிடம் கேளுங்கள். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது இவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். தண்ணீர் லாரி ஓட்டுபவருக்கு இன்னொன்றும் தெரியும்: எந்தக் கட்டடம் வாரம் தவறாமல் லாரி கூப்பிடுகிறது என்பது. அந்தக் கட்டடத்தில் குழாய் நீர் போதவில்லை என்று பொருள். விளம்பரத்தில் அந்த விவரம் இருக்காது.

வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம். நேரில் போக வழியே இல்லை என்றால் நேரடி வீடியோ அழைப்பில் வாசலில் தொடங்கி ஒவ்வோர் அறையாக நடக்கச் சொல்லுங்கள், குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து எதிரே இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். வாடகைக்கு விடுபவரின் பெயர் வீட்டுப் பத்திரத்திலோ மின் கட்டண ரசீதிலோ இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பெயர் என்றால், உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் வேண்டும். "இன்றே அனுப்பினால்தான் வீடு நிற்கும்" என்று யார் அவசரப்படுத்தினாலும் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

தண்ணீர்

எல்லாவற்றிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். கரண்ட் இல்லாமல் இரண்டு நாள் தள்ளலாம், தண்ணீர் இல்லாமல் முடியாது.

தீவில் தண்ணீர் ஐந்து வழிகளில் வரும்: நகரக் குழாய், கிணறு அல்லது ஆழ்துளை, கூரையில் பிடித்த மழைநீர், கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை, லாரி. பல கட்டடங்களில் இவற்றில் இரண்டு மூன்று கலந்திருக்கும். சில இடங்களில் ஒரே வீட்டுக்குள் இரண்டு குழாய்கள் ஓடும், ஒன்று குடிக்க, இன்னொன்று கழிப்பறைக்கும் கழுவவும் உவர்நீர். எந்தக் குழாயில் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குளியலறைக்கு வருவது உவர்நீர் என்றால் சோப்பு நுரைக்காது, வாட்டர் ஹீட்டரின் கம்பியும் தொட்டியும் சீக்கிரம் அரித்துப் போகும்.

கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் கட்டடத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். மண்ணுக்கடியில் ஊறிய மழைநீர், அதைவிட அடர்த்தியான கடல்நீரின் மேல் ஒரு வில்லையாக மிதந்துகொண்டிருக்கிறது. 1880களின் இறுதியில் பாடன் கைபன் என்ற டச்சுக்காரரும், 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு இது: நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால் இதிலுள்ள ஆபத்து புரியும். அளவுக்கு மீறி இறைத்து அந்த மட்டம் 1 மீட்டர் இறங்கினால், அடியில் இருக்கும் உப்புநீர் காலப்போக்கில் 40 மீட்டர் மேலே ஏறும். மழைக்காலத்தில் இனிக்கும் கிணறு கோடைக் கடைசியில் கரிப்பது இதனால்தான். மழைக்குப் பின் வீடு பார்க்கிறீர்கள் என்றால், இப்போது குடித்துப் பார்ப்பது மட்டும் போதாது. கோடைக் கடைசியில் எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், விரல் நீளம்தான் இருக்கும். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் பொதுவாக ருசி நன்றாக இருக்கும். 1,000ஐத் தாண்டினால் பலருக்கு வாயில் வைக்க முடியாது. கடல்நீர் சுமார் 35,000. இந்த மீட்டர் கரைந்த உப்பின் அளவை மட்டும்தான் காட்டும், கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 200 காட்டும் தண்ணீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம். அதனால் குடிக்கும் நீரைக் கொதிக்க வைப்பதோ வடிகட்டுவதோ தனி வேலை.

அடுத்தது அழுத்தம். 1 லிட்டர் பாட்டிலை எடுத்துப் போய்ச் சமையலறைக் குழாயில் பிடியுங்கள். 10 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர், தாராளம். 20 நொடி என்றால் 3 லிட்டர். ஷவர் மெலிதாகத்தான் வரும், சில உடனடி ஹீட்டர்கள் ஆனாகாமலும் போகலாம். பிறகு ஷவரைத் திறந்து வைத்துக்கொண்டு ஃப்ளஷ் செய்யுங்கள், சமையலறைக் குழாயையும் திறங்கள். மூன்றும் சேர்ந்து ஓடும்போது என்ன வருகிறதோ அதுதான் உங்கள் காலை நேரத்துத் தண்ணீர். முடிந்தால் எல்லோரும் வீடு திரும்பும் மாலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பகல் பதினோரு மணிக்கு எல்லாக் கட்டடத்திலும் தண்ணீர் நன்றாகத்தான் வரும்.

தொட்டிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 150 லிட்டர் என்று வைத்தால், மூன்று பேருக்கு 300 முதல் 450 லிட்டர். உங்கள் பங்குக்கு 1,000 லிட்டர் தொட்டி இருந்தால் இரண்டு மூன்று நாள் வரும். நகரக் குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்றால் அது கத்தி முனையில் நடக்கும் கணக்கு, ஒரு முறை தவறினாலே லாரியைக் கூப்பிட வேண்டும். பல குடும்பங்களுக்கு ஒரே பொதுத் தொட்டி என்றால் மொத்தக் கொள்ளளவை வீடுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். மழைநீர்த் தொட்டிக்கும் ஒரு சுலபக் கணக்கு உண்டு: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 6,000 லிட்டர். ஆவியாவதும் வழிவதும் போக ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 4,800 லிட்டர் தொட்டிக்கு வரும். கூரையின் தூசியும் பறவை எச்சமும் தொட்டிக்குள் போகாமல் இருக்க முதல் மழையைத் திருப்பிவிடும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் மேல்தொட்டியிலிருந்து இறங்குகிறதா, கீழ்த்தொட்டியிலிருந்து பிரஷர் பம்பில் வருகிறதா? தரையில் நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. கரண்ட் போனால் தெரியும். பம்பை மட்டும் நம்பிய கட்டடத்தில் மின்சாரம் நின்ற நிமிடமே குழாயும் நின்றுவிடும். மேல்தொட்டி இருந்தால் அது தீரும் வரை வரும். இரண்டு வீடு மற்றபடி சமமாக இருந்தால் மேல்தொட்டி உள்ளதை எடுங்கள்.

காற்றும் உப்பும்

தீவுக்குக் காற்று அடிக்கும் பக்கம் ஒன்று, காற்று மறைவான பக்கம் ஒன்று என்று இரண்டு முகங்கள் உண்டு. எது எது என்று அறிய மரங்களைப் பாருங்கள். ஒரே திசையில் சாய்ந்து வளர்ந்திருந்தால் காற்று எதிர்த் திசையிலிருந்து வருகிறது. காற்று முகத்தில் இருக்கும் வீட்டில் புழுக்கம் குறையும், கொசு குறையும், உப்பு அதிகம். மறைவுப் பக்கத்தில் உப்பு குறைவு, புழுக்கம் அதிகம். இதில் நான் மறைவுப் பக்கத்தையோ, கடலிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளியிருக்கும் வீட்டையோதான் சொல்வேன். உப்புத் துளிகள் பெரும்பாலும் அலை உடையும் இடத்தில்தான் கிளம்புகின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே அவற்றில் பெரும்பங்கு படிந்துவிடும். அலை அடங்கிய குடாவின் ஓரத்தில் இருக்கும் வீட்டைவிட, அலை மோதும் பாறைக்கு எதிரே இருக்கும் வீடு பல மடங்கு வேகமாகத் துருப்பிடிக்கும்.

துருவுக்குக் காரணம் உப்பு மட்டும் அல்ல, உப்பு பிடித்து வைத்திருக்கும் ஈரமும்தான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து நீராகும். பல தீவுகளில் இரவில் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டியே இருக்கும். அதனால் மழையே பெய்யாவிட்டாலும் கம்பிகளின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. மழை படாத இடங்களில், அதாவது மாடிப்படியின் அடியில், பால்கனிக் கூரையின் கீழே, துரு அதிகமாக இருப்பதும் இதனால்தான். மழை கழுவிவிடும் இடம் தப்பித்துக்கொள்கிறது.

வீட்டுக்குள் போனதும் ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பூட்டிப் பாருங்கள், ஒன்றையும் விடாதீர்கள். அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், உருளைகள் இறுகியிருக்கும், கொக்கி கையோடு வந்துவிடும். கைப்பிடிக் கம்பிகளில் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கடலோரத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுக்கும். மாலிப்டினம் கலந்த 316 தரம்தான் தாங்கும். குடியிருந்த பிறகு தாழ்ப்பாளோ ஸ்க்ரூவோ மாற்ற நேர்ந்தால் 316 என்று கேட்டே வாங்குங்கள்.

ஏ.சி.யின் வெளி யூனிட்டை எட்டிப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே உதிர்கின்றன என்றால் அது இன்னொரு கோடையைத் தாங்காது. கடலை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் யூனிட் சீக்கிரம் போகும், சுவருக்குப் பின்னால் இருப்பது அதிக நாள் வரும். உங்கள் பொறுப்பில் வந்ததும், மாதம் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரை மெதுவான அழுத்தத்தில் ஊற்றி அந்தத் தகடுகளைக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடும்.

இனி மேலே பாருங்கள். கூரையிலும் பீமிலும் நேர்கோட்டில் ஓடும் விரிசல், அதன் ஓரத்தில் பழுப்புக் கசிவு, காரை பெயர்ந்து தெரியும் கம்பி ஆகியவை இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. கடற்காற்று வழியாகவோ சரியாகக் கழுவாத கடல் மணல் வழியாகவோ உப்பில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் போய்க் கம்பியை அரிக்கிறது. துரு அது உண்டான இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் சரி, பொத்தென்று கேட்டால் காரை உள்ளே விட்டுப் போயிருக்கிறது. அதன் மேல் பூசி வண்ணம் அடித்துத் தருகிறேன் என்று உரிமையாளர் சொன்னாலும் அந்த அறையில் கட்டில் போட வேண்டாம். பூச்சு விரிசலை மறைக்கும், விழுவதைத் தடுக்காது.

ஈரம், பூஞ்சை

பூட்டிக் கிடந்த வீடு என்றால் உள்ளே நுழைந்த முதல் மூச்சில் தெரியும். அதற்குள் தரகர் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டால், அலமாரியைத் திறந்து அதற்குள் மோந்து பாருங்கள். அலமாரி பொய் சொல்லாது. சிங்க்குக்கு அடியில், கட்டிலின் தலைப்பக்கச் சுவரில், குளியலறைக்கு அடுத்த அறையின் கீழ்ச்சுவரில் கையை வையுங்கள். வீடு முழுவதும் பழைய வண்ணமாக இருக்க, ஒரு மூலை மட்டும் புது வண்ணமாக இருந்தால் அங்கே ஏதோ கசிந்திருக்கிறது.

உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பெரும்பாலும் தலைதூக்காது. நனைந்த துணியோ மெத்தையோ 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். சின்ன ஈரப்பதமானி ஒன்றைப் படுக்கையறையில் வையுங்கள். ஒன்றுக்கொன்று எதிர்ப் பக்கங்களில் ஜன்னல் இருக்கும் வீட்டில் காற்று ஊடுருவும், ஒரே பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள வீட்டில் ஏ.சி.யோ ஈரம் உறிஞ்சும் இயந்திரமோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த மின்கட்டணத்தையும் வாடகையோடு சேர்த்துப் பாருங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே பின்பக்கப் பூஞ்சை குறையும். கேமரா, காது கேட்கும் கருவி, பத்திரங்கள் இவற்றை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

மாடியைப் பொறுத்தவரை, தரைத் தளத்தில் ஈரமும் வெள்ளமும், உச்சி மாடியில் வெயிலும் ஒழுகலும். நடு மாடி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் ஏறும்போது

தாழ்வான தெருவில் வீடு பார்த்திருந்தால், அமாவாசை அல்லது பவுர்ணமி கழிந்து ஓரிரு நாளில், ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம் அங்கே போய் நில்லுங்கள். ஏற்ற வற்ற நேரப் பட்டியல் துறைமுகத்திலும் கைபேசியிலும் கிடைக்கும். மழையே இல்லாமல் சாக்கடை வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வருகிறதா? அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஃப்ளஷ் செய்தால் குமிழி விட்டுக்கொண்டு மெதுவாக இறங்குகிறதா? அப்படியென்றால் நிலத்தடி நீர் மேலே ஏறி, செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீருக்கு மண்ணில் இடம் இல்லாமல் போகிறது. டேங்கை எத்தனை முறை காலி செய்தாலும் அந்த இடத்தின் பிரச்சினை தீராது. சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை காலி செய்தால் போதும். கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கேட்கும்போது பதில் தெளிவாக வரவில்லை என்றால் உங்கள் காலத்தில்தான் அது நிரம்பும்.

புயல் வரும் பகுதியில் ஜன்னலுக்கு அடைப்புக் கதவு உண்டா, அது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அதற்கான போல்ட்டுகள் எல்லாம் இருக்கின்றனவா, எச்சரிக்கை வந்தால் யார் மாட்டுவது என்று கேளுங்கள். வீடு பார்க்கும் அன்றே ஒன்றை மாட்டிக் காட்டச் சொல்வதில் தவறில்லை. புயலுக்கு முந்தின நாள் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்ட முடியாது. உரிமையாளரின் காப்பீடு கட்டடத்துக்கு மட்டும்தான், உங்கள் சாமான்களுக்கு நீங்கள்தான் எடுக்க வேண்டும். கடல் பொங்கி வரும் நீர் அந்தக் காப்பீட்டில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள், பல பாலிசிகளில் அது தனி.

கரண்ட், சிக்னல், படகு

தீவின் மின்சாரம் பெரும்பாலும் சில டீசல் ஜெனரேட்டர்களிலிருந்தோ, கடலடி கேபிள் ஒன்றிலிருந்தோ வருகிறது. ஒரு யூனிட் நின்றாலே வோல்டேஜ் ஆடும். ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும், கரண்ட் திரும்பியதும் மூன்று நிமிடம் பொறுத்து இணைக்கும் ஸ்டெபிலைசர் வாங்குங்கள். கம்ப்ரஸர் உடனே கிளம்ப முயன்று எரிவது அதனால் தவிர்க்கப்படும். மீட்டர் உங்களுக்குத் தனியா, பக்கத்து வீட்டோடு பொதுவா என்று பாருங்கள். பொது மோட்டார், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் இவற்றின் கட்டணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் கேட்டுக்கொண்டு, குடிபுகும் அன்று மின்சார, தண்ணீர் மீட்டர்களின் எண்களைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

கைபேசி சிக்னலைப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு சோதியுங்கள். குன்றின் மறுபக்க வீடுகளில் வாசலில் நான்கு கோடு, உள்ளே ஒன்றுகூட இருக்காது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இரண்டு வெவ்வேறு நிறுவன இணைப்பு வைத்திருப்பது நல்லது, இரண்டும் ஒரே கடலடி கேபிளில் போனால் பயனில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கேபிள் அறுந்தால் அதற்கென்று இருக்கும் கப்பல் வந்துதான் ஒட்ட வேண்டும், அதற்கு நாட்களும் ஆகும், வாரங்களும் ஆகும்.

படகு ஓடாத நாட்களுக்கு வீட்டில் இருக்க வேண்டியவை: அன்றாட மருந்து குறைந்தது 30 நாளைக்கு, குடிநீர் ஐந்து நாளைக்கு, நிரம்பிய உபரி சிலிண்டர் ஒன்று, கையில் கொஞ்சம் ரொக்கம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு, இரவில் அவசரம் என்றால் நோயாளியை எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று மருத்துவமனையிலேயே கேட்டு வையுங்கள். கர்ப்பிணியோ வயதானவர்களோ வீட்டில் இருந்தால், மற்ற எல்லா வசதியையும் விட மருத்துவமனைக்கும் படகுத்துறைக்கும் பக்கம் இருப்பதே மேல்.

சாமான் கொண்டுவருவதில் எடையைவிடக் கன அளவுதான் செலவை ஏற்றும். 50க்கு 50க்கு 40 சென்டிமீட்டர் பெட்டிகள் பத்து சேர்ந்தால் 1 கன மீட்டர், இந்தக் கணக்கில் எண்ணிப் பாருங்கள். மரத்தூள் அழுத்திச் செய்த பலகை அலமாரிகளைக் கொண்டுவராதீர்கள், ஈரத்தில் ஓரம் உப்பிக் கீல் கழன்றுவிடும். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்குவதாக இருந்தால் முதலில் தீவில் இருக்கும் மெக்கானிக்கைப் பார்த்து, எந்தக் கம்பெனி உதிரிபாகம் அவர் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சாமான்களோடு கூடிய வீடு முதல் வருடத்துக்கு நல்லது. கொஞ்சம் அதிக வாடகை போனாலும் பெரிய சாமானைக் கடல் தாண்டி இரண்டு முறை தூக்க வேண்டியிருக்காது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

வழக்கமான வாடகை ஒப்பந்தத்தில் தீவுக்கு வேண்டிய வரிகள் இருக்காது, நீங்கள்தான் சேர்க்கச் சொல்ல வேண்டும். குழாய் நீர் நின்றால் லாரித் தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது. செப்டிக் டேங்க் காலி செய்வது யார் செலவு. ஏ.சி. சர்வீஸ் யார் பொறுப்பு, அதன் குழாய்ச் சுருள் (coil) அரித்துப் போனால் யார் மாற்றுவது. உப்பாலும் ஈரத்தாலும் வரும் துருவும் நிறம் மங்குவதும் குடியிருப்பவர் செய்த சேதம் ஆகாது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும், முன்பணத்தில் பிடித்தம் செய்வது பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் நடக்கிறது. உரிமையாளர் தீவில் இல்லை என்றால் அவர் சார்பாக உள்ளூரில் யார், எவ்வளவு தொகை வரை அவரே ரிப்பேருக்கு உத்தரவு போடலாம் என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் உடைந்த பம்பு ஒன்றுக்காக வாரக்கணக்கில் போனுக்காகக் காத்திருக்க நேரும். குடிபுகும் அன்று ஒவ்வொரு ஜன்னல், கீல், குழாய், கூரை மூலை என்று தேதி தெரியும்படி படம் எடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

சாவி வாங்கிய முதல் வாரம்

முதல் வேலை தண்ணீர்த் தொட்டி. வடித்து, வண்டலை எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் தாராளமாக இருக்கும் இடம் என்றால் தொட்டியை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 5 சதவீத பிளீச் திரவம் 1 லிட்டர் கலந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். ஒரு நாள் வைத்திருந்து வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, குளிக்கவும் கூடாது, ஆனால் தரை கழுவலாம். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள தீவில் 1,000 லிட்டரைக் கொட்ட மனம் வராது, கொட்டவும் வேண்டாம். நீர்த்த பிளீச்சில் நனைத்த துணியால் உட்சுவரைத் துடைத்து, அரை மணி விட்டு, கொஞ்சம் நல்ல தண்ணீரில் அலசினால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். தொட்டிக்குள் இறங்குவதாக இருந்தால் மூடி திறந்திருக்க வேண்டும், வெளியே இன்னொருவர் நிற்க வேண்டும். பிளீச்சோடு ஆசிட்டையோ கழிப்பறைத் திரவத்தையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். தொட்டி மூடி இறுக உட்காரவில்லை என்றால் காற்றுப் போக்குக் குழாய்க்கும் மூடிக்கும் கொசுவலை கட்டுங்கள்.

அடுத்து பூட்டு, கீல், தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் மசகு போடுங்கள். கதவுப் பூட்டின் உள்பகுதியை மாற்றிவிடுங்கள், விடுமுறைக்கு விட்ட வீடாக இருந்தால் சாவி எத்தனை பேர் கையில் இருக்கிறது என்பது உரிமையாளருக்கே தெரியாது.

பக்கத்து வீடுகளில் அறிமுகம் செய்துகொள்வதை இதே வாரத்தில் முடித்துவிடுங்கள். தண்ணீர் எப்போது நிற்கும், படகு ரத்தானதை முதலில் யார் சொல்வார், எந்த எலக்ட்ரீஷியன் கூப்பிட்டால் வருவார் என்பதெல்லாம் அவர்கள் வழியாகத்தான் கிடைக்கும். சிறிய ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். ஒரு கடையில் பாக்கி வைத்தாலும், ஒரு வேலைக்காரருக்குக் கூலியைத் தள்ளிப்போட்டாலும் அடுத்த வீடு தேடும்போது அது முன்னால் வந்து நிற்கும். செய்த வேலைக்கு அன்றன்றைக்கே பணம் கொடுங்கள். மாடியில் குடியிருந்தால் பொதுத் தொட்டியின் அளவைத் தெரிந்துகொண்டு, தண்ணீர் விடாத நாட்களில் வாஷிங் மெஷினைப் போடாதீர்கள். கீழ்வீட்டோடு வரும் சண்டை பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது.

ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று மாதம் இருக்கும்போதே புதுப்பிப்பதா, மாறுவதா என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அந்த மூன்று மாதம் சீசனுக்குள் விழுகிறது என்றால் ஐந்து மாதம் முன்பே கேளுங்கள்.